வலிக்கும் கட்டி, வலிக்காத கட்டி

வாசகர் கடிதம்

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். வயது 43. வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். கணவர் மும்பையில் மளிகைக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார்; கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் ஊருக்கு வருவார். மகளுக்கு வயது 20, பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு. மகன் பள்ளியில் படிக்கிறான். மாமியார் உடன் இருக்கிறார்.

மகளுடைய வலது மார்பில் ஒரு கட்டி. தொட்டால் கோலிக்குண்டு போல நழுவுகிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வலிக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் அளவு 2 செ.மீ. என்றும், ‘ஃபைப்ரோஅடினோமா, பைராட்ஸ் 3’ என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் உடனே எடுத்துவிடலாம் என்று சொன்னார்களாம். தை பிறந்ததும் பெண் பார்க்க ஒரு வீட்டார் வருகிறார்கள். எடுத்தால் தழும்பு தெரியுமே, எடுக்காவிட்டால் புற்றாக மாறிவிடுமோ, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியுமா என்று கேள்விக்கு மேல் கேள்வி. தாயின் சித்தி ஒருவர் 40 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். ‘ஊசி போட்டுச் சோதித்த பிறகுதான் அது உடம்பெல்லாம் பரவியது’ என்பது அந்தக் குடும்பத்தின் தீர்ப்பு.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் இதற்கே போய்விட்டது. மிச்சமுள்ள இடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “எனக்கும் இடது மார்பில் நான்கு மாதமாக ஒரு கட்டி இருக்கிறது. தண்ணீர்க் குடம் இடித்ததால் வந்தது. கெட்டியாக இருக்கிறது, ஆனால் வலி இல்லை, அதனால் பயமில்லை. கையைத் தூக்கித் துணி காயப்போடும்போது மட்டும் அந்த இடத்தில் தோல் சற்றுக் குழிகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை வருடம் பால் கொடுத்தவள் நான். என் மதினிக்கும் மார்பில் கட்டி வந்து, கீறிவிட்டதும் சரியாகிவிட்டது. பச்சிலைப் பத்துப் போட்டு வருகிறேன். மகள் காரியமும் கொடையும் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?”

மருத்துவரின் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. மூன்றே முக்கால் பக்கம் கவலைப்பட்டு எழுதிய கட்டி பொறுத்திருக்கக்கூடியது. கால் பக்கத்தில் முடித்துவிட்ட கட்டிதான் இந்த வாரமே ஒரு மருத்துவர் கையில் காட்ட வேண்டியது. மகளைப் பற்றிக் கேட்டவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதை முதலில் சொன்னால், நிம்மதியாகத் தாளை மடித்து வைத்துவிடுவீர்கள் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. ஆகவே முதலில் உங்களைப் பற்றியே பேசுவோம்.

வலி நல்ல அளவுகோல் அல்ல

வலித்தால்தான் நோய் என்ற கணக்கில்தான் நம் வீட்டுப் பெண்கள் காலம் தள்ளுகிறார்கள். பீடித்தட்டை மடியில் வைத்து நாள் முழுவதும் குனிந்திருப்பவருக்கு முதுகும் தோளும் வலிக்காத நாளே இருக்காது. அப்படியிருக்க, வலிக்காத ஒன்றை யார் பொருட்படுத்துவார்கள்? மார்பு விஷயத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிவிடும். மாதவிலக்கையொட்டி ஏறி இறங்கும் வலியும் கனமும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தால் வருபவை. பால் கொடுக்கும் தாய்க்குச் சீழ் கட்டினால் காய்ச்சலும் சிவப்பும் தாங்க முடியாத வலியும் வரும். ஆனாலும் அது கிருமித் தொற்று, மருந்தில் ஆறும். மார்பகப் புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. சிலருக்கு வலிக்கவும் செய்யும் என்பது உண்மைதான். எப்படியானாலும், வலி இல்லை என்பதை நல்ல கட்டி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, கையைத் தூக்கும்போது தோல் குழிகிறது என்பது. மார்பகத்துக்குள் தோலையும் அடியிலுள்ள உறையையும் இணைக்கும் மெல்லிய நார்கள் உண்டு. உள்ளே ஒரு கட்டி அவற்றைப் பிடித்துச் சுருக்கும்போது தோல் உள்நோக்கி இழுபடும். சும்மா நிற்கும்போது தெரியாத குழி, கையை உயர்த்தியதும் தெரியும். 43 வயது, கெட்டியான கட்டி, நான்கு மாதமாகக் கரையாமல் இருப்பது, தோல் குழிவது ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்த அறுவைசிகிச்சை மருத்துவரும் சோதித்துப் பார்க்காமல் உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.

இதைப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. குடம் இடித்தது என்ற உங்கள் விளக்கத்துக்கும் இடம் இருக்கிறது: அடிபட்ட இடத்தில் கொழுப்பு நசிந்து கெட்டிப்படுவதுண்டு, அது தோலையும் இழுக்கும். ஒருவகை நாள்பட்ட அழற்சியும், நம் நாட்டில் அரிதாகக் காசநோயும்கூட மார்பில் கட்டியாக வந்து புற்றைப் போலவே வேஷம் போடும். தொட்டுப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. சில சமயம் படத்திலும் முடியாது. ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அடிபட்டதால் புற்றுநோய் வருவதில்லை. இடித்த இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கெனவே அங்கே இருந்த கட்டி கையில் தட்டுப்படுவது அடிக்கடி நடப்பது.

பால் கொடுத்தவர்களுக்கு வராது என்பது பாதி உண்மை. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் லான்செட் இதழில் வெளியான கணக்கின்படி, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றின் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. நீங்கள் இரண்டு பிள்ளைகளுக்குமாக 36 மாதம் கொடுத்திருக்கிறீர்கள். வாய்ப்பு குறைந்திருக்கிறது, அற்றுப்போகவில்லை. மதினிக்கு வந்தது, கீறிவிட்டதும் சரியானதைப் பார்த்தால், பால் கட்டியதால் உண்டான சீழ். அதற்கும் உங்கள் கட்டிக்கும் மார்பு என்ற இடம் ஒன்றுதான் பொது. (இப்போதெல்லாம் அதையும் முதலில் கத்தியால் கீறுவதில்லை, ஸ்கேன் பார்த்து ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்து மருந்து கொடுப்பதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டியதில்லை. பால் கொடுக்காத ஒருவருக்கு மார்பு சிவந்து வீங்கி, மருந்து சாப்பிட்டும் இரண்டு வாரத்தில் வடியவில்லை என்றால் மட்டும் அதைச் சீழ் என்று விட்டுவிடக் கூடாது.)

கொடை முடியட்டும் என்கிறீர்கள். சோதனைக்கும் சிகிச்சைத் திட்டத்துக்கும் சில வாரங்கள் பிடிப்பதில் கெடுதல் இல்லை. இன்றிரவே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. ஆனால் அறிகுறி கண்டு மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்கள் உயிர் பிழைக்கும் வாய்ப்பு, சீக்கிரம் வந்தவர்களைவிடக் குறைவு என்பது 1999-இலேயே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லப்பட்ட விஷயம். உங்களுக்கு ஏற்கெனவே நான்கு மாதம் ஆகிவிட்டது.

என்ன செய்வார்கள்

மார்புக் கட்டியை மூன்று விதமாகப் பார்த்து முடிவு செய்வது உலகம் முழுவதும் உள்ள முறை. மருத்துவர் இரண்டு மார்பையும், அக்குளையும், கழுத்தெலும்புக்கு மேலேயும் தொட்டுப் பார்ப்பார். பிறகு படம்: உங்கள் வயதுக்கு மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனும். மூன்றாவது, ஊசி வழியாகச் சதை எடுத்துச் சோதிப்பது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற சில சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். ‘ட்ரூகட்’ என்று சொல்வது இதைத்தான். தையல் இல்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மாறிச் சொன்னாலும், மாறிச் சொன்னதைத் துருவிப் பார்க்காமல் விடக் கூடாது.

இனி உங்கள் சித்தியின் கதை. ஊசி போட்டதால் பரவியது என்ற பேச்சை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள்: ஊசி போட்டார்கள், சில மாதங்களில் இறந்துபோனார். ஊசிக்கு முன்னால் எத்தனை மாதம் அந்தக் கட்டி சேலைக்குள் மறைந்திருந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முற்றிய பிறகு வருகிறார்கள், வந்ததும் சோதிக்கிறோம், அதற்குள் நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டிருக்கிறது. பழி ஊசியின் தலையில் விழுகிறது. ஊசிச் சோதனை செய்துகொண்டவர்களுக்கு அதனால் ஆயுள் குறைந்ததாகச் சான்று இல்லை. சோதிக்காமல் சிகிச்சை தொடங்குவதுதான் ஆபத்து. ஏனென்றால் அந்தச் சதைத் துணுக்கிலிருந்துதான் எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதெல்லாம் தெரியவரும்.

பத்துப் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தை நான் பழிப்பவன் அல்லன். 1964-இலிருந்து பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் ஊர் இது. அங்கே படித்த ஒருவரிடம் இந்தக் குழியைக் காட்டியிருந்தால் அவரும் முதலில் ஸ்கேன் எடுத்துவரத்தான் சொல்லியிருப்பார். உங்களுக்குப் பத்துக் கொடுத்தவர் கட்டியைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். இன்றோடு நிறுத்துங்கள். பத்தின் சூட்டில் தோல் சிவந்து கொப்பளித்தால், அது நோயின் சிவப்பா மருந்தின் சிவப்பா என்று எங்களுக்கே குழப்பமாகிவிடும்.

ஒருவேளை புற்றுநோய் என்று வந்தால்

உங்கள் மனத்தில் ஓடும் படம் உங்கள் சித்தியுடையது. அந்தக் காலத்தில் இல்லாத பல வழிகள் இன்று இருக்கின்றன. இந்தியாவில் 11 புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2012 முதல் 2015 வரை பதிவான மார்பகப் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், நோய் மார்பகத்தோடு நின்றிருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள். அக்குள் போன்ற பக்கத்து இடங்களுக்குப் போயிருந்தால் 65.5 சதவீதம். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போன பிறகு என்றால் 18.3 சதவீதம். இந்த மூன்று எண்களைக் காட்டி உங்களைப் பயமுறுத்தவில்லை. நாள் போவதற்கு என்ன விலை என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புற்று என்றாலே மார்பை முழுவதும் எடுத்துவிடுவார்கள் என்பதும் இப்போது உண்மை இல்லை. கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிது நல்ல சதையையும் எடுத்துவிட்டு, மீதி மார்புக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தால், முழு மார்பையும் எடுத்தவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்களோ அவ்வளவு காலம் இவர்களும் வாழ்ந்தார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2002-இல் இதை உறுதி செய்தன. கட்டி பெரிதாக இருந்தால் முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்வதும் உண்டு. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை என்றால், அறுவைக்குப் பிறகு டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையை ஐந்தாண்டோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும். விலை குறைந்த மாத்திரை. உயிர் காப்பதில் அதன் பங்கு பெரிது. யாருக்கு எது என்பதைச் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச முடியும், ஆகவே இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மகளுடைய கட்டி

ஃபைப்ரோஅடினோமா என்பது பால் சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் சேர்ந்து உருண்டையாக வளர்ந்த சாதுவான கட்டி. 15 முதல் 35 வயது வரையுள்ள பெண்களுக்கு மிகவும் சாதாரணமாக வருவது. விரலுக்கு நழுவி ஓடுவதால் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் ‘மார்பு எலி’ என்றே இதற்குப் பட்டப்பெயர். சாதாரண ஃபைப்ரோஅடினோமா புற்றாக மாறுவதில்லை என்றே கொள்ளலாம். பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்து 0 முதல் 6 வரை இடும் குறியீடு. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு, ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் பாருங்கள் என்று பொருள். ‘மூன்றாம் கட்டப் புற்றுநோய்’ என்று எண்ணி உங்கள் மாமியார் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த 3 வேறு, அந்த மூன்று வேறு. அவரிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உடனே எடுத்துவிடலாம் என்று சொன்ன மருத்துவமனையோடு எனக்கு உடன்பாடில்லை. எடுப்பது தவறான சிகிச்சை அல்ல, அவசரம்தான் தேவையற்றது. 2 செ.மீ. அளவில் வழவழப்பான ஓரத்தோடு இருக்கும் கட்டியை 20 வயதுப் பெண்ணுக்கு அப்படியே விட்டுக் கவனிப்பது முழுக்கச் சரியான வழி. பல கட்டிகள் அதே அளவில் நின்றுவிடும், சில தாமாகவே சுருங்கும். ஆறாவது மாதத்திலும், ஓராண்டிலும், இரண்டாண்டிலும் ஸ்கேன் எடுத்து அளவை ஒப்பிட்டால் போதும். மூன்று செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ, சில மாதங்களுக்குள் விறுவிறுவென்று பெரிதானாலோ எடுக்க வேண்டும். ஃபைப்ரோஅடினோமா போலவே தோன்றி வேகமாக வளரும் ‘ஃபிலாய்ட்ஸ்’ என்ற வேறொரு கட்டி உண்டு. அதைச் சுற்றிலும் நல்ல சதையோடு எடுக்காவிட்டால் திரும்ப முளைக்கும். படத்தில் சந்தேகம் வந்தால் மகளுக்கும் ஊசிச் சோதனை செய்யலாம். கட்டி இருக்கிறதே என்ற நினைப்பே அவளைத் தூங்கவிடவில்லை, எடுத்துவிட வேண்டும் என்று அவளே விரும்பினால் அதுவும் போதுமான காரணம்தான். முடிவு அவளுடையதாக இருக்கட்டும், தை மாதத்து விருந்தாளிகளுடையதாக வேண்டாம்.

எடுத்தால் சிறிய தழும்பு இருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ மார்பின் கீழ் மடிப்பிலோ கீறினால் நாளடைவில் மங்கிவிடும். பின்னாளில் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பெரும்பாலும் தடை இருக்காது. கருவட்டத்தில் கீறும்போது சில பால் குழாய்கள் அறுபட வாய்ப்புண்டு என்பதால், மணமாகாத பெண் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். எடுக்காமல் விட்டாலும் பால் கொடுப்பதற்குக் கட்டி தடை இல்லை. கர்ப்ப காலத்தில் சற்று வளரக்கூடும், அப்போது ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும் ஒரு நிபந்தனை: உடம்பிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியும், எவ்வளவு சிறியதானாலும், சதைச் சோதனைக்குப் போக வேண்டும். ‘சாதாரணக் கட்டிதான், தூக்கிப் போட்டுவிட்டோம்’ என்று சொல்லும் இடத்தில் அறுவை செய்துகொள்ளாதீர்கள். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், பின்னால் சந்தேகம் வரும்போது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.

மாதவிலக்குக்கு முன் மகளுக்கு வரும் வலிக்கு, அளவான, நன்றாகத் தாங்கும் உள்ளாடை முதல் மருந்து. வலி கூடும் நாட்களில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். டீயை நிறுத்தினால் வலி போகும் என்று சொல்வார்கள். அதற்குச் சான்று பலமாக இல்லை, அவள் டீ குடிக்கட்டும்.

சித்திக்கு வந்ததால் எல்லோருக்கும் வருமா

மார்பகப் புற்றில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை மரபணுப் பழுதால் வருவது. பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் 40 வயது என்பது இளவயது, அதனால் சித்தியின் கதை முக்கியமானது. மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தாய்வழியில் வேறு யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்று வந்ததா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இந்தப் பழுது தந்தை வழியாகவும் வரக்கூடும் என்பதால் உங்கள் கணவர் வீட்டிலும் கேட்க வேண்டும். மகளுக்கு இப்போதே மரபணுச் சோதனை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் கட்டி புற்று என்று தெரியவந்தால் முதலில் உங்களுக்குத்தான் அந்தச் சோதனை. உங்களிடம் பழுது இருந்தால், அடுத்து மகளுக்கும் அந்தக் கேள்வி எழும். அவளுடைய எதிர்காலத்தைக் காப்பதற்கான பாதையும் உங்கள் சோதனை வழியாகத்தான் போகிறது, பாருங்கள்.

யார் கையெழுத்துப் போடுவது, யாருக்குச் சொல்வது

கணவர் ஊரில் இல்லாமல் எதற்கும் கையெழுத்துப் போட முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்புக்கு உங்கள் கையெழுத்துப் போதும். உங்கள் மகளுக்கு 20 வயது, அவளுக்கு அவள் கையெழுத்து. சோதனைக்கென்று மயக்கம் கொடுத்துவிட்டு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்ட ஒரு வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: வயதுவந்து, தெளிந்த நிலையில் இருக்கும் நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் சம்மதம் கொடுக்க முடியாது; சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. ‘ஊசி என்று கூட்டிப்போய் மார்பை எடுத்துவிட்டால்?’ என்ற உங்கள் பயத்துக்கும் பதில் அதிலேயே இருக்கிறது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பாரே என்ற கூச்சம் இயல்பானது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். அவர் இல்லாத நாளில் பெண் ஊழியர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்திலேயே உண்டு. உங்கள் தகவலை உங்கள் அனுமதியின்றி மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மகளின் ஸ்கேன் தாளைக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சாதுக் கட்டி ஒரு குறை அல்ல. மறைத்ததாக நாளை பேச்சு வருமோ என்று பயந்தால், மாப்பிள்ளையிடம் மகளே ஒருநாள் சொல்லிக்கொள்வாள். கூடத்தில் உட்கார்ந்து சொந்தக்காரர்கள் விவாதிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

செலவும் வழியும்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைசிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். சோதனைகளுக்கு அங்கே பெரிய செலவு இராது. உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ. 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். புற்றுநோய் அறுவையும் மருந்தும் கதிர்வீச்சும் அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முடிவு வரும்வரை காத்திராமல் இப்போதே செய்துவிடுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருந்தால் அதன் வழியாகக் கிடைக்கும் மருத்துவ உதவியையும் கேளுங்கள். கம்பெனிக் கணக்கப்பிள்ளை தனக்குத் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், தொழிலாளர் நல மருத்துவமனையில் நேரடியாக விசாரியுங்கள்.

நம் பக்கத்தவர்கள் புற்று என்ற சொல்லைக் கேட்டதும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி., நெய்யூர், அடையாறு என்று புற்றுநோய் மருத்துவமனைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போகக் கூடாது என்றில்லை, எல்லாம் பேர்பெற்ற இடங்கள். சோதனைத் தாளும், சதை வைத்த மெழுகுக் கட்டிகளும் கண்ணாடித் துண்டுகளும் கையில் இல்லாமல் போனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இரண்டாவது கருத்துக் கேட்பதற்காக அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிகிச்சை பல மாதம் நீளும் என்பதால், போகவர எளிதான இடத்தையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் ரயிலில் ஓர் இரவு போக வேண்டிய இடம் என்றால், நான்காவது முறைக்குள் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெண் ஊழியர், மார்புப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்ததாகவும், நீங்கள் மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 30 வயதைக் கடந்த எல்லாப் பெண்களுக்கும் அந்தச் சோதனை உண்டு. கையால் தொட்டுப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை இப்படிப் பரிசோதித்ததால், 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. உங்கள் தெருவிலேயே இன்னும் எத்தனை பேர் மறுத்திருப்பார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் நீங்கள் சொன்னால் நான் சொல்வதைவிட எடுபடும். ஆனால் உங்களுக்கு இனி அது போதாது. கட்டி கையில் தட்டுப்பட்டுவிட்ட பிறகு நேரே ஹைகிரவுண்டுதான்.

யாரைத் துணைக்குக் கூட்டிப்போவது என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மாமியாரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவே கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். மகளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் வயதுவந்த பெண், படித்தவள், தாளை வாசிப்பாள், மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொள்வாள். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பது அவளுடைய உடம்புக்கும் தேவையான தகவல். கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் அதிக தூரமில்லை. திங்கட்கிழமை காலை அவளை வரச்சொல்லிவிட்டு நீங்கள் முதல் பஸ்ஸில் புறப்படுங்கள். அவளுடைய ஸ்கேன் தாளையும் எடுத்துச் செல்லுங்கள், உங்களைப் பார்க்கும் மருத்துவரே அதையும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.